வகுப்பறையில் வேஷமும் விளையாட்டும்: ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியலும் பொருளியலும் எடுப்பவன் நான். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளை நடிக்க வைத்தும் ஆட வைத்தும் பாடம் நடத்திப் பார்க்கிறேன். பயிற்சி முகாம்களில் டீ இடைவேளையில் வந்து கேட்கிறவர்களின் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாத்திரமேற்று நடித்தல், பாவனை விளையாட்டு: இரண்டும் ஒன்றுதானா?

பி.எட். தேர்வில் கேட்டால் வேறு வேறு என்று எழுதுங்கள். வகுப்பில் பாதி நேரம் இரண்டும் கலந்தேதான் வரும்.

பாத்திரமேற்றலில் பிள்ளைக்கு ஓர் ஆள் கிடைக்கிறார். நீ ஊராட்சித் தலைவர், நீ வங்கி மேலாளர், நீ கடன் கேட்டு வந்தவர். அந்த ஆளின் இடத்தில் நின்று சொந்தமாகப் பேச வேண்டும். வசனம் எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஆண்டுவிழா நாடகம் ஆகிவிடும். பாவனை விளையாட்டில் ஓர் அமைப்பு கிடைக்கிறது. ஒரு சந்தை, ஒரு மீன்பிடிக் கடல், ஒரு சரக்கு வரிசை. அதற்குச் சில விதிகள், சில எண்கள். பிள்ளைகள் முடிவெடுக்க எடுக்க அந்த அமைப்பு பதில் சொல்லிக்கொண்டே போகும்.

முடிவெடுப்பதுதான் இதில் உயிர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுகிறோம். பாம்புக்கும் ஏணிக்கும் பாவம், புண்ணியம் என்று பெயர்கூட உண்டு. ஆனால் ஆடுகிறவர் எடுக்கிற முடிவு ஒன்றுகூட இல்லை, விழுந்த எண்ணிக்கைக்கு நகர வேண்டியதுதான். அழகான ஆட்டம்தான், நான் இங்கே பேசுகிற வகையில் அது சேராது. வினாடி வினாவும் சேராது. அது பரீட்சைக்குப் போட்ட கலர் சட்டை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்தானே?

சொப்புச் சாமான் வைத்துச் சோறாக்கி, துண்டைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு "டீச்சர் விளையாட்டு" ஆடிய யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்றே ஒன்று இருக்கிறது. சிறுமிகள் மணலில் வீடு கட்டி விளையாடுவார்கள், "எங்கள் சிற்றில் சிதையாதே" என்று பாட்டுடைத் தலைவனைக் கெஞ்சுவார்கள். பெரியவர்களின் உலகத்தைச் சிறிதாக்கி ஆடிப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை.

அதைத் திட்டமிட்டுப் பயிற்சியாக மாற்றியவர்களில் ராணுவத்தார் முன்னோடிகள். பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மானிய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, தன் தந்தை தொடங்கிய போர் ஆட்டத்தைச் செம்மைப்படுத்தி 1824-இல் ராணுவத் தலைமைக்குக் காட்டினார். வரைபடம், ஈயக்கட்டைகள், தாயக்கட்டை, நடுவில் ஒரு நடுவர். எதிரி எங்கே இருக்கிறான் என்பது ஆடுகிறவருக்குத் தெரியாது. நடுவர் சொல்கிற அளவுதான் தெரியும், நிஜப் போரைப் போல. தலைமைத் தளபதி மியுஃப்ளிங் சலிப்போடு பார்க்க ஆரம்பித்து, "இது விளையாட்டே இல்லை, போருக்கான பயிற்சி" என்று எழுந்து சொன்னதாகச் சொல்வார்கள்.

விமானிகளின் கதை இன்னும் சுவையானது. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கரின் அப்பாவுக்கு ஆர்கன் இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை இருந்தது. அங்கிருந்த காற்றுத் துருத்திகளை வைத்தே, தரையில் நின்றபடி சாய்ந்து திரும்பும் ஒரு பொம்மை விமானத்தை 1929-இல் உருவாக்கினார். முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்தான் அதை வாங்கினார்கள். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும் வேலையில் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்து இறந்த பிறகே ராணுவம் அவரைத் தேடி வந்தது.

அப்புறம், நீங்களே இதில் நடித்திருக்கிறீர்கள். பி.எட். படிக்கும்போது நுண்ணிலைக் கற்பித்தல் செய்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? முன்னால் ஒருவர் ஆறு நிமிடம் "கேள்வி கேட்கும் திறன்" காட்டுவார். எதிரே மீசை வைத்த ஆறேழு பேர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்து "தெரியாது டீச்சர்" என்பார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு செய்தோம். ஆனால் முதல் நாள் நிஜ வகுப்பில் கை நடுங்காமல் சாக்பீஸ் பிடித்ததில் அந்த ஆறு நிமிடங்களுக்கும் பங்கு உண்டு.

பாத்திரமேற்றலுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள், நாளைக்கே செய்கிற மாதிரி.

மாதிரி கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்தன. குடிமையியல் புத்தகத்தில் இது அரைப் பக்கம். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, தங்கள் ஊர்ச் சபை நடக்கிற மரத்தடியைத் தாண்டி டியூஷனுக்குப் போவார்கள்.

ஒரே ஒரு பிரச்சினை போதும்: புதிய குடிநீர்த் தொட்டியை எங்கே கட்டுவது? பத்துப் பேருக்குத் துண்டுச் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயமும், அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயமும் இருக்க வேண்டும். என் சீட்டு ஒன்றை அப்படியே தருகிறேன்:

"உங்களுக்கு வயது 52. மூன்றாவது வார்டு. உங்கள் தெருக் குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர். தொட்டி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள புறம்போக்கில் வந்தால் உங்கள் தெருவுக்கு நல்லது. ஆனால் அங்கே உங்கள் மைத்துனர் மாட்டுக்கொட்டகை போட்டிருக்கிறார். யாராவது கேட்டால் ஒழிய இதை நீங்களாகச் சொல்லத் தேவையில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்கள் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை "எங்களுக்குத் தண்ணீர் வேண்டும்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். அவை இருந்தால் பேச்சில் ஒரு தடுமாற்றம் வரும், இடத்தை மாற்றலாமா என்று சுற்றி வளைக்கும், எதிரே இருக்கிறவருக்குச் சந்தேகம் முளைக்கும். ஒரு தடவை ஊராட்சிச் செயலர் வேடத்தில் இருந்த மாணவி தீர்மான நோட்டை மூடி வைத்துவிட்டு, "அண்ணாச்சி, அந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டாள். வகுப்பு அப்படியே அமைதியானது. உள்ளாட்சி நிர்வாகம் அந்த நொடியில்தான் பிள்ளைகளுக்குப் புரிந்தது என்பது என் எண்ணம்.

மீதிப் பிள்ளைகள் சும்மா வேடிக்கை பார்க்கக் கூடாது. அவர்கள்தான் சபை. கை தூக்கி வாக்களிப்பதும் அவர்கள்தான்.

பாவனை விளையாட்டுக்கும் ஒன்று சொல்லுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960-களில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் உருவாக்கியது. பெயர் பீர் விளையாட்டு. பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பெயரோடு நடத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நான் கோலி சோடா என்று மாற்றிக்கொண்டேன். பெட்டிக்குப் பதில் புளியங்கொட்டை.

நான்கு பேர் வரிசையாக உட்கார வேண்டும்: சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், சோடா கம்பெனி. ஒவ்வொருவர் கையிலும் தொடக்கத்தில் 12 கொட்டை. வாரா வாரம் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் கேட்கிற எண்ணிக்கை ஒரு சீட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அதை அவர் மட்டும் பார்க்கலாம். அவர் மொத்த வியாபாரிக்குச் சீட்டு எழுதுவார், மொத்த வியாபாரி விநியோகஸ்தருக்கு, விநியோகஸ்தர் கம்பெனிக்கு. சீட்டு மேலே போகவும் நேரம் பிடிக்கும், சரக்கு கீழே வர இரண்டு வாரம் பிடிக்கும். கையில் தேங்கும் ஒவ்வொரு கொட்டைக்கும் வாரத்துக்கு 50 காசு செலவு. கேட்டதைக் கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் ஒவ்வொன்றுக்கும் 1 ரூபாய். வாய் பேசக் கூடாது. சீட்டு மட்டும்தான்.

முதல் நான்கு வாரமும் வாடிக்கையாளர் கேட்பது 4. ஐந்தாவது வாரத்தில் 8. அதன்பின் கடைசிவரை 8 மட்டும்தான். ரகசியம் இவ்வளவே. ஆனால் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது.

என்ன நடக்கும் தெரியுமா? கடைக்காரர் 8 கொடுத்ததும் கையிருப்பு குறைகிறது என்று பயந்து 12 கேட்பார். சரக்கு உடனே வராது. அடுத்த வாரம் 16 கேட்பார். மொத்த வியாபாரி, ஊரில் ஏதோ திருவிழா போலிருக்கிறது என்று 24 எழுதுவார். கம்பெனிக்காரர் 40, 50 என்று உற்பத்தி போடுவார். ஏழெட்டு வாரம் கழித்து எல்லாச் சரக்கும் ஒன்றாக வந்து இறங்கும். அப்போது யாருக்கும் தேவை இருக்காது. மேஜையில் புளியங்கொட்டை மலை. கம்பெனிப் பையன் வாரக்கணக்கில் "0" "0" என்று சீட்டு வாங்கிக்கொண்டு எதிரே இருப்பவனை முறைத்துக்கொண்டிருப்பான்.

எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989-இல் இந்த ஆட்டத்தை ஆராய்ந்து எழுதினார். ஆடியவர்களின் சராசரிச் செலவு, நிதானமாக ஆடியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. ஆடியவர்களில் மேலாண்மை மாணவர்களும் நிறுவன நிர்வாகிகளும் இருந்தார்கள். ஆகவே உங்கள் பிள்ளைகள் சொதப்பினால் கவலை வேண்டாம்.

முடிந்ததும் கம்பெனிக்காரரையும் விநியோகஸ்தரையும் கரும்பலகைக்கு அழைத்து, "வாடிக்கையாளர் வாரா வாரம் எவ்வளவு கேட்டிருப்பார்? வரைந்து காட்டு" என்று சொல்லுங்கள். மலையும் பள்ளமுமாக வரைவார்கள். பிறகு நீங்கள் நான்கில் ஒரு கோடு, எட்டில் ஒரு கோடு போடுங்கள். ஒரே ஒரு படி. அதைப் பார்க்கிற முகங்களுக்காகவே நான் இந்த ஆட்டத்தை வருடா வருடம் நடத்துகிறேன்.

சாட்டையின் பிடியில் கை லேசாக அசைந்தால் நுனி எவ்வளவு வீசுகிறதோ, அதுபோல என்பதால் இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள். பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் குழந்தைகளின் டயப்பர் விற்பனையில் இதைக் கவனித்தது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கின்றன, ஆனால் கம்பெனிக்கு வந்த ஆர்டர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

பேச வேண்டும். பாதிக்குப் பாதி நேரம் இதற்கே வைக்க வேண்டும். நான் இதை அலசல் என்று சொல்வேன்.

முதல் வருடம் எனக்கு இது தெரியாது. சோடா ஆட்டம் சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது பெல் அடித்துவிட்டது, கொட்டைகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மறுநாள் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நேத்து கடைசில யார் ஜெயிச்சது?" ஒரு பீரியடு முழுக்க ஆடியதில் அவர்களிடம் தங்கியது அது ஒன்றுதான்.

இப்போது முதல் ஐந்து நிமிடம் ஆத்திரத்தைக் கொட்ட விடுவேன். "இவன்தான் சார் கெடுத்தான்" என்று வரும். வரட்டும், தடுக்காதீர்கள். அடுத்து என்ன நடந்தது என்று வாரம் வாரமாகச் சீட்டுகளை வைத்துப் பார்ப்போம். அப்போதுதான் மற்ற மேஜைகளிலும் இதே கூத்து நடந்திருப்பது தெரியும். நான்கு மேஜை, நான்கு விதமான பிள்ளைகள், ஒரே மாதிரி மலை, ஒரே மாதிரி பள்ளம். "அப்படியென்றால் தப்பு இவனுடையதா, வேறு எதிலாவது இருக்கிறதா?" இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கும் முன்பே யாராவது கேட்டுவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. கடைசியாக வெளியுலகம்: வெங்காய விலை ஏறினால் எல்லோரும் ஏன் பதுக்குகிறார்கள், பெட்ரோல் தட்டுப்பாடு என்று ஒரு வதந்தி வந்தால் பங்க் வாசலில் ஏன் நிஜமாகவே தட்டுப்பாடு வருகிறது.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருவானே, கதைக்குள்ளும் நிற்பான், வெளியே வந்து நம்மிடமும் பேசுவான். ஆசிரியருக்கு அந்த இடம்தான். ராஜா வேஷத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

வேடத்தில் இருந்தபோது பேசியதை வெளியே வந்தும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்களே?

வேஷம் கலைக்காமல் அனுப்பியிருப்பீர்கள். கூத்துக் கலைஞர் விடிந்ததும் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைக்கிறார், கிரீடத்தைப் பெட்டியில் வைக்கிறார், அப்புறம்தான் டீக்கடைக்கு வருகிறார். வகுப்பிலும் அப்படி ஒன்று வேண்டும். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொந்தப் பெயரைச் சொல்லி, "நான் ஊராட்சித் தலைவர் இல்லை" என்று ஒரு வாக்கியம் சொல்ல வைக்கிறேன். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலேயே பாதி கலைந்துவிடும்.

எதையெல்லாம் ஆட்டமாக்கக் கூடாது?

இதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மாட்டேன்.

1968 ஏப்ரலில் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை நிறவெறி எப்படி இருக்கும் என்று காட்ட, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு நாள் பழுப்புக் கண் உசத்தி, அடுத்த முறை நீலக் கண் உசத்தி. சில மணி நேரத்திலேயே பிள்ளைகள் ஒருவரையொருவர் இழிவாக நடத்தத் தொடங்கினார்கள். மட்டம் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளின் படிப்பே அன்று தடுமாறியது. உலகம் முழுக்கப் பாராட்டப்பட்ட பாடம் அது. எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இதைச் செய்யலாமா என்ற கேள்வியும் அன்று முதல் இன்றுவரை கூடவே வருகிறது. 1971-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து இரண்டு வாரம் நடத்தத் திட்டமிட்ட சிறைப் பாவனையை ஆறே நாளில் நிறுத்த வேண்டியிருந்தது. அதை நடத்திய பேராசிரியர் ஜிம்பார்டோ தானும் சிறைக் கண்காணிப்பாளர் வேடம் போட்டுக்கொண்டதுதான் எனக்குப் பெரிய பாடம். நிறுத்த வேண்டியவரே வேஷம் கட்டிக்கொண்டால் யார் நிறுத்துவது?

நம் ஊரில் இதற்கு நேர் பொருள் சாதி. "நீ மேல், நீ கீழ்" என்று நம் வகுப்பில் பிரித்து ஆட வேண்டிய அவசியமே இல்லை. யாருக்கு அது ஆட்டம், யாருக்கு அது வீட்டுக்குப் போகிற வழி என்பது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். அடிமை முறை, இனப்படுகொலை, போர் அகதி முகாம் இவற்றையும் நான் நடிக்க வைப்பதில்லை. அவற்றுக்குச் சாட்சியங்கள் இருக்கின்றன, வாசிக்கலாம்.

பெரிய விஷயங்களில் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். ஒரு வருடம் நுண்கடன் பாடத்துக்குக் கடன் வாங்கியவர், தவணை வசூலிக்க வருபவர் என்று இருவரை நடிக்க வைத்தேன். வசூல்காரர் நன்றாக மிரட்டினான், வகுப்பே கைதட்டியது. கடன் வாங்கியவராக நின்ற பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வீட்டில் அந்த வாரம் அதுவே நடந்திருக்கிறது. சாயங்காலம் அவன் நண்பன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து வேடம் கொடுக்கும்போது, "வேண்டாம் என்றால் காரணம் சொல்லாமல் சீட்டை மாற்றிக்கொள்ளலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூச்சப்படுகிற பிள்ளைகளை என்ன செய்வது?

எல்லோரையும் பேச வைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். சோடா ஆட்டத்தில் பேச்சே கிடையாது, கூச்சக்காரர்கள் அதில் புலிகள். கிராம சபையில் தீர்மானம் எழுதுகிற செயலர் வேலை இருக்கிறது. ஒரு வேடத்தை இரண்டு பேருக்குக் கொடுத்து, ஒருவர் யோசிக்க ஒருவர் பேச வைக்கலாம். மூன்றாவது ஆட்டத்தில் யோசித்தவளே எழுந்து பேசுவாள்.

செலவே இல்லாமல் ஏதாவது இருக்கிறதா? சீட்டு, கொட்டை எல்லாம் தயார் செய்ய நேரமில்லை.

சீட்டுக்கட்டு இருக்கிறதா? அப்படியானால் பார்ங்கா ஆடுங்கள். உருவாக்கியவர் சென்னையில் பிறந்த சிவசைலம் தியாகராஜன், பயிற்சித் துறையில் உலகம் முழுக்க "தியாகி" என்று அறியப்படுபவர். 1980-இல் லைபீரியாவில் கபார்ங்கா என்ற ஊரில் வேலை செய்தபோது, நண்பர்கள் சீட்டாடிக்கொண்டிருக்க, ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதாகச் சந்தேகப்பட்டார்கள். உண்மையில் ஒவ்வொருவரும் தாங்கள் பழகிய விதிப்படி ஆடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதையே ஆட்டமாக்கினார். ஒவ்வொரு மேஜைக்கும் எளிய சீட்டாட்ட விதிகளை எழுதிக் கொடுங்கள். ஒரு மேஜையில் ஆஸ் பெரிது, இன்னொன்றில் சிறிது. ஒன்றில் துருப்பு ஸ்பேடு, இன்னொன்றில் டைமண்டு, மற்றொன்றில் துருப்பே இல்லை. விதிகள் வேறு வேறு என்று யாருக்கும் சொல்லக் கூடாது. பழகியதும் விதித்தாளை வாங்கிவிட்டு, வாய்ப்பேச்சைத் தடை செய்யுங்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஜெயித்தவர் ஒரு பக்கத்து மேஜைக்கும், தோற்றவர் மறுபக்கத்து மேஜைக்கும் மாற வேண்டும்.

இரண்டாவது சுற்றில் கைகள் மேஜையைத் தட்டும். ஒரே சீட்டை இருவர் இழுப்பார்கள். சிலர் "சரி, இங்கே இப்படிப் போலிருக்கிறது" என்று அடங்கிப்போவார்கள், சிலர் தங்கள் விதியே விதி என்று நிற்பார்கள். வேறு மாவட்டத்திலிருந்து விடுதிக்கு வந்த பிள்ளைகள் அலசலில் பேசுகிற பேச்சு வேறு எந்தப் பாடத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. சீட்டுக்கட்டைப் பள்ளிக்குக் கொண்டுபோவது பிரச்சினை என்றால், 1 முதல் 7 வரை எண் எழுதிய அட்டைகளை நான்கு வண்ணத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

45 நிமிட பீரியடு, 50 பிள்ளைகள். நடக்கிற காரியமா?

சோடா ஆட்டத்துக்கு நான்கு வரிசை போட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டிரண்டு பேர் என்றால் 32 பேர். மீதிப் பேர் கணக்குப்பிள்ளைகள், ஒவ்வொரு வாரச் செலவையும் அவர்கள் எழுதுவார்கள். இரண்டு பீரியடு சேர்ந்து வருகிற நாளாகப் பாருங்கள். இல்லாவிட்டால் பி.இ.டி. ஆசிரியரிடம் கெஞ்சுங்கள். வாழ்நாள் முழுக்க நம் பாடங்கள் அவர் பீரியடைத் தின்றிருக்கின்றன, ஒரு நாளாவது விளையாட்டுக்காகத் திருப்பிக் கொடுத்ததாக இருக்கட்டும்.

அதுவும் முடியாது என்றால் இன்று ஆட்டம், நாளை அலசல். ஆனால் நாளைக்கு நிச்சயம் வர வேண்டும்.

சத்தம் போடுகிறார்கள் என்று பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வருகிறதே?

வரும். முந்தின நாளே சொல்லிவிடுங்கள். முடிந்தால் புகார் சொல்பவரையே நடுவராகக் கூப்பிடுங்கள். இதற்கு மேல் என்னிடம் வழி இல்லை.

ஆட்டம் தப்பான பாடத்தைக் கற்பித்துவிடுமா?

தாராளமாக. நம் வீடுகளில் "டிரேட்", "பிசினஸ்" என்று ஆடுகிற பலகை ஆட்டத்தின் பாட்டி ஒன்று உண்டு. நிலத்தை ஒரு சிலர் கையில் வைத்துக்கொண்டு வாடகையிலேயே கொழுப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று காட்ட எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904-இல் காப்புரிமை பெற்ற நிலச்சுவான்தார் ஆட்டம் அது. அதிலிருந்து கிளைத்ததுதான் 1935-இல் வெளிவந்த மோனோபோலி. ஆடுகிற யாருக்காவது அந்த அநியாயம் பற்றி யோசனை வருகிறதா? எதிரே இருப்பவரை ஓட்டாண்டி ஆக்குவதில்தான் குஷி.

ஆட்டத்தில் எதற்குப் பரிசோ அதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். மாதிரி கிராம சபையில் "சிறந்த பேச்சாளர்" பரிசு வைத்தால் சபை நடக்காது, பேச்சுப் போட்டி நடக்கும்.

மருத்துவம், செவிலியர் படிப்புகளில் இது எப்படி?

அங்கே இது கட்டாயத் தேவை. தெரியாத கையை நிஜ நோயாளி மேல் வைத்துப் பழக முடியாது. 1963-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஆளைப் பழக்கி மாணவர்களைப் பரிசோதிக்க வைத்தார். அந்தக் காலத்தில் கேலி செய்தார்கள், இன்று தேர்வே அப்படி நடக்கிறது. இந்தியாவில் 2019 முதல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் எப்படிப் பேசுவது, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் தனிப் பகுதியாகவே இருக்கிறது.

முதலுதவி வகுப்பில் நெஞ்சை அழுத்திப் பழகுகிற பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். நார்வேயில் லேர்டால் என்ற பொம்மைத் தயாரிப்பாளர் 1960-இல் கொண்டுவந்தது அது. பாரிஸில் சேன் ஆற்றில் இறந்து கிடந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முக அச்சைப் பார்த்து அதன் முகத்தைச் செய்தார்கள்.

கம்ப்யூட்டர் வேண்டுமா?

இருந்தால் நல்லது. சோடா ஆட்டத்துக்குக் கணினி வடிவமும் உண்டு, கணக்கை அதுவே போட்டுவிடும். ஆனால் மேஜையில் மலையாகக் குவியும் கொட்டையை அது காட்டாது. எண்ணிப் பார்க்கும்போது வருகிற வயிற்றெரிச்சல் திரையில் வருவதில்லை.

இதனால் பரீட்சையில் மார்க் ஏறுமா?

வரையறை எழுதுகிற இரண்டு மார்க் கேள்விக்கு இது உதவாது. அதற்கு மனப்பாடம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. ஐந்து மார்க் கேள்விகளில் பிள்ளைகள் சொந்தமாக உதாரணம் எழுதுகிறார்கள். திருத்துகிறவருக்கு அது பிடிக்கிறதா என்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. ஆட்டத்துக்கு மார்க் போடாதீர்கள், அதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மார்க் என்றதும் யாரும் தப்பு செய்ய மாட்டார்கள். தப்பு நடக்காவிட்டால் அலசலில் பேச எதுவும் இருக்காது. வேண்டுமானால் மறுநாள் ஒரு பக்கம் எழுதச் சொல்லி அதற்குப் போடுங்கள்.

"பள்ளிக்கூடத்துக்கு விளையாடவா அனுப்புகிறோம்?" என்று பெற்றோர் கேட்டால்?

ஒருவர் என்னிடம் கேட்டார். மளிகைக் கடைக்காரர். உட்கார வைத்து ஒரு வரிசையில் மொத்த வியாபாரி இடத்தைக் கொடுத்தேன். பத்தாவது வாரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு, "இது நம்ம கடையில நடக்கிறதுதான் சார்" என்றார். அவர் மேஜையிலும் மலைதான்.

ஒரு வரிசைக்கு எவ்வளவு புளியங்கொட்டை வேண்டும்?

ஐந்நூறு வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காயவைத்தது, பூச்சி அரிக்காதது. கம்பெனிக்காரர் பக்கத்தில் ஒரு முறத்தில் கொட்டி வையுங்கள். மறக்காமல் 36 வாரத்தில் நிறுத்துங்கள், ஆனால் முதலில் 50 வாரம் ஆடப்போகிறோம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் 35-ஆவது வாரத்தில் கணக்கைச் சரிக்கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.